சூரியகாந்தி நகலுக்கு விலை என்ன?



உலகில் மிகுதியாக அச்சிடப்பெற்றுச் சுவர்களில் மாட்டப்பெற்ற ஓவியங்களை எண்ணப் புகுந்தால், வின்சென்ட் வான் கோவின் சூரியகாந்தி மலர்களுக்கு அவற்றுள் முன்வரிசையிலேயே இடம் தரவேண்டியிருக்கும். விடுதிகளின் வரவேற்புக் கூடங்களிலும், மருத்துவர்களின் காத்திருப்பு அறைகளிலும், தாத்தா காலத்து வீடுகளின் மாடிப்படித் திருப்பங்களிலும் அம்மலர்கள் மஞ்சளாய்ச் சிரித்துக்கொண்டிருக்கின்றன. வீட்டைக் காலி செய்யும்போதோ பழம்பொருள் கடையில் உலவும்போதோ அப்படி ஒரு படம் கைக்கு வந்தால், எவருக்கும் எழும் முதற்கேள்வி ஒன்றுதான்: "இது என்ன விலை பெறும்?"

இக்கேள்விக்குச் சந்தை ஒரு விடை சொல்கிறது. வரலாறு வேறொரு விடை சொல்கிறது. சந்தையின் விடை சுருக்கமானது. பெரும்பாலான நேரங்களில் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் கிடைப்பதே அந்தப் படத்துக்குக் கிடைக்கும் விலை. வரலாற்றின் விடையோ அத்தனை எளிதாய் முடிந்துவிடுவதில்லை. இக்கட்டுரையில் இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம். முதலில் ஒரு நகலச்சை மதிப்பிடுவது எவ்வாறு என்பதைக் காண்போம். பிறகு, மூலமே அழிந்துபோய் நகல் மட்டும் எஞ்சிய ஒரு சூரியகாந்தியின் கதைக்கு வருவோம்.

எந்தச் சூரியகாந்தி?

மதிப்பீட்டின் முதற்படி, நம் முன் இருப்பது எந்த ஓவியத்தின் நகல் என்று அறிவது. 'வான் கோவின் சூரியகாந்தி' என்று ஒருமையில் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் சாடியில் வைத்த சூரியகாந்திகளை அவர் தென்பிரான்சின் ஆர்ல் நகரில் ஏழு முறை வரைந்தார். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நான்கு. அவற்றில் இரண்டைப் பார்த்து அவரே மீண்டும் வரைந்தவை மூன்று. நண்பர் பால் கோகன் வந்து தங்கவிருந்த அறையை அழகுபடுத்துவதே முதலில் அவர் கொண்ட நோக்கம். கோகன் அவ்வாண்டு அக்டோபர் 23-ஆம் நாள் 'மஞ்சள் வீடு' என்று இன்று உலகம் அறியும் அவ்வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

இலண்டன் தேசியக் கலைக்கூடம் 1924-ஆம் ஆண்டு வாங்கிய ஓவியத்தில் பின்புலம் மஞ்சள். சாடியின்மேல் 'வின்சென்ட்' என்று கையொப்பம் உண்டு. மியூனிக் நகரில் இருப்பதில் பின்புலம் வெளிர்நீலப் பச்சை. அதைப் பார்த்து வான் கோ மீண்டும் வரைந்தது அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிறது. இலண்டன் ஓவியத்தின் மறுவரைவுகள் இரண்டு. ஒன்று ஆம்ஸ்டர்டாமில் உள்ளது. அதில் மேற்புறம் ஒரு மரப்பட்டியைச் சேர்த்து இடத்தை நீட்டியிருக்கிறார். மற்றது டோக்கியோவில் உள்ளது. அதில் கையொப்பம் இல்லை. மூன்றே மலர்கள் கொண்ட ஓவியம் ஒன்று தனியார் வசம் இருக்கிறது. ஏழாவதைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

ஆகவே நகலைக் கையில் எடுத்ததும் பின்புலத்தின் நிறத்தையும், மலர்களின் எண்ணிக்கையையும், கையொப்பத்தையும் பார்த்தாலே மூலம் எது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இவ்விடத்தில் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். இம்மலர்களைப் பொறுத்தவரை, முதல் நகலாளர் வான் கோவேதான்!

பூதக்கண்ணாடியின் கீழ்

இரண்டாம் படி, அச்சிட்ட முறையை அறிவது. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறிய பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் போதும்.

கண்ணாடியின் கீழ் நான்கு நிறப் புள்ளிகள் சின்னஞ்சிறு பூக்களைப்போல் ஒழுங்காகச் சூழ்ந்து நின்றால் அது ஆஃப்செட் அச்சு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெளிவந்த அலங்காரப் படங்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வகையினவே. புள்ளிகள் ஒழுங்கில்லாமல் கையால் குத்தியவைபோல் இருந்து, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாகப் படிந்திருந்தால், அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோலோச்சிய வண்ணக் கல்லச்சாக இருக்கலாம். அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கல். புள்ளிகளே இல்லாமல், உலர்ந்த தோலின் சுருக்கம்போல் மெல்லிய நெளிவுகள் தெரிந்தால் அது கொலோடைப். ஜெலட்டின் பூசிய கண்ணாடித் தகட்டிலிருந்து எடுக்கும் அச்சு இது. ஒரு தகடு நெடுங்காலம் தாங்காது என்பதால் படிகளின் எண்ணிக்கை குறைவு. செலவும் உழைப்பும் மிகுதி. ஒழுங்கற்று, தூவானம் தெறித்தாற்போல் நுண்துளிகள் பரவியிருந்தால் அது கணினி வழி மைத்தெளிப்பு அச்சு, 1990-களுக்குப் பிந்தையது.

அடுத்து மேற்பரப்பு. தடித்த அட்டையின்மேல் தூரிகைத் தீற்றல் போன்ற மேடுபள்ளங்களை அழுத்திப் பதித்து, அதன்மேல் மெருகெண்ணெய் பூசி, அசல் எண்ணெய் ஓவியம் போலவே தோன்றச் செய்த நகல்கள் ஏராளம். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அச்சில் உள்ள இதழ் ஒரு திசையில் வளைய, அழுத்திப் பதித்த மேடு வேறொரு திசையில் ஓடும்.

பின்பு தாள். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் தாள் நீலவெண்மையாய்ப் பளீரென்று ஒளிர்கிறதா? வெண்மை கூட்டும் வேதிப்பொருள்கள் தாள் உற்பத்தியில் பரவியது ஏறத்தாழ 1950-க்குப் பிறகே. அவ்வாறு ஒளிரும் தாளில் உள்ள படம் முதல் உலகப்போருக்கு முந்தையது என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டியதில்லை.

இறுதியாக ஓரங்கள். பதிப்பாளரின் பெயர், அச்சிட்ட ஊர், உரிமைக் குறிப்பு ஆகியவை பெரும்பாலும் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சட்டத்துக்குள் அடக்குவதற்காக அந்த ஓரத்தைக் கத்தரித்துவிடுவது சட்டம் போடுவோரின் நெடுநாள் வழக்கம். கத்தரித்த அக்கணமே படம் தன் பிறப்புச் சான்றிதழை இழந்துவிடுகிறது.

சந்தையின் தீர்ப்பு

இத்தனையும் பார்த்தபின் சந்தை என்ன சொல்கிறது?

ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடலாம். 'வான் கோவே அச்சிட்ட சூரியகாந்தி' என்று ஒன்று இருக்க வழியே இல்லை. தம் வாழ்நாளில் அவர் ஆக்கிய அச்சுப்படங்கள் பத்தே பத்து. ஒன்பது கல்லச்சுகள்; ஒன்று செப்புத்தகட்டு அச்சு, அது 1890-இல் மருத்துவர் காஷே புகைபிடித்தபடி அமர்ந்திருப்பதைக் காட்டுவது. அப்பத்தில் சூரியகாந்தி இல்லை. ஆகவே நகலின்மேல் காணப்படும் 'வின்சென்ட்' என்னும் கையொப்பம் ஓவியத்தோடு சேர்ந்து அச்சானது. கையெழுத்துக்கு உரிய மதிப்பு அதற்குக் கிடையாது. 'ஆயிரத்தில் நூற்றிருபதாவது படி' என்று பென்சிலால் எண் இட்டிருந்தாலும், அது பதிப்பாளர் இட்ட எண்ணே. 1890-ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று மறைந்தவர் எந்தப் படியையும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

எனவே வழக்கமான ஆஃப்செட் நகலுக்குச் சந்தையில் அலங்கார மதிப்பு மட்டுமே. பேர்பெற்ற பதிப்பகங்களின் பழைய கொலோடைப் படிகள், ஓரம் கெடாமல் இருந்தால், சேகரிப்போரிடம் சற்று மரியாதை பெறும்.

மறுபுறம் 1987-ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று, வான் கோவின் பிறந்தநாளிலேயே, இலண்டன் ஏலம் ஒன்றில் இன்று டோக்கியோவில் உள்ள சூரியகாந்தியை ஜப்பானியக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று 2 கோடியே 47 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டுக்கு வாங்கியது. அதுவரை எந்த ஓவியமும் ஏலத்தில் அத்தொகையை எட்டியதில்லை. மூலத்துக்கும் நகலுக்கும் இடையே உள்ள பள்ளத்தின் ஆழம் அவ்வளவு! இதைக் கண்டபின் நகல் என்பது ஏழையின் ஆறுதல், அவ்வளவுதான் என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

அம்முடிவுக்கு வான் கோவே உடன்பட்டிருப்பாரா?

நகல்களின் நடுவே வளர்ந்தவர்

தம் பதினாறாம் வயதில், 1869-ஆம் ஆண்டு, வின்சென்ட் சேர்ந்த முதல் வேலை கூப்பில் என்னும் கலை வணிக நிறுவனத்தின் ஹேக் நகரக் கிளையில். ஓவியங்களை விற்பதோடு, பெயர்பெற்ற ஓவியங்களின் அச்சு நகல்களையும் புகைப்பட நகல்களையும் ஐரோப்பா முழுவதும் பரப்பிய நிறுவனம் அது. பின்னர் இலண்டன், பாரிஸ் கிளைகளிலும் பணியாற்றி 1876-இல் வெளியேற்றப்பட்டார். ஏழாண்டுக் காலம் அவர் கைகளில் புழங்கியவற்றுள் நகல்களே மிகுதி.

பாரிஸில் இருந்தபோது தம்பி தியோவோடு சேர்ந்து ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களைக் குவித்தார். அவற்றில் ஏறக்குறைய ஐந்நூறு இன்றும் ஆம்ஸ்டர்டாமில் பாதுகாக்கப்படுகின்றன. அவை ஜப்பானில் எளிய மக்களுக்காக மலிவாக அச்சிடப்பட்டவை. 1887-இல் ஹிரோஷிகேயின் மழைப்பாலத்தையும் பூத்த மரத்தையும் எண்ணெய் வண்ணத்தில் பெயர்த்து வரைந்தார். காதில் கட்டோடு அவர் வரைந்துகொண்ட புகழ்பெற்ற தன்னுருவத்திலும் பின்சுவரில் ஒரு ஜப்பானிய அச்சுப்படம் தொங்குவதைக் காணலாம்.

சாங்-ரெமி மனநல விடுதியில் இருந்த நாள்களில், மில்லேயின் ஓவியங்களைக் கறுப்புவெள்ளை அச்சுகளில் பார்த்துச் சுமார் இருபது ஓவியங்களைத் தம் வண்ணங்களில் வரைந்தார். பேத்தோவனின் இசையை வாசிப்பவர் தம் விளக்கத்தையும் அதில் சேர்ப்பதற்கு இப்பணியை ஒப்பிட்டுத் தம்பிக்கு எழுதினார். தெலக்ருவாவின் ஓவியம் ஒன்றின் கல்லச்சு நகல் எண்ணெயிலும் வண்ணத்திலும் விழுந்து பாழாகிவிட, அவ்வருத்தத்தில் அதையே பெரிதாக வரைந்தார். மடியில் கிடக்கும் கிறிஸ்துவையும் அன்னையையும் காட்டும் அவ்வோவியம் இன்று அருங்காட்சியகத்தின் பெருமைகளில் ஒன்று. பாழான நகல் ஒன்று மூலத்தைப் பெற்றெடுத்த கதை இது!

இவை எல்லாவற்றிலும் நம்மைப் பெரிதும் கவர்வது, 1889-இல் அவர் எழுதிய கடிதங்களில் வரும் செய்தி. தொட்டில் ஆட்டும் பெண்ணை வரைந்த தம் ஓவியத்தை மலிவுக் கடையில் விற்கும் வண்ணக் கல்லச்சோடு அவரே ஒப்பிடுகிறார். அதனை நடுவில் மாட்டி, இருபுறமும் இரண்டு சூரியகாந்திகளை விளக்குத் தண்டுகள்போல் வைக்கவேண்டும் என்றும் எழுதுகிறார். கடலில் தனிமையில் வாடும் மீனவர்களின் படகறையில் அப்படம் இருந்தால், தாலாட்டின் நினைவு அவர்களுக்கு வரும் என்பது அவர் கற்பனை. எளியோர் சுவரில் தொங்கும் மலிவுப் படத்தை இழிவாகக் கருதாத ஓவியர் அவர். அலங்காரம் என்ற சொல்லும் அவர்க்குக் குறைவான சொல்லாக இருந்ததில்லை. சூரியகாந்தி வரிசையையே அவர் தம் வீட்டுக்கான அலங்காரம் என்றுதான் குறித்தார்.

ஒரு சிற்றிதழும் ஒரு மாணவனும்

இனி ஜப்பானுக்குச் செல்வோம். ஜப்பானிய அச்சுப்படங்கள் வான் கோவை மாற்றியமைத்தன அல்லவா? அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழிந்தபின் அக்கொடை வந்த வழியே திரும்பிச் சென்றது.

1910-ஆம் ஆண்டு டோக்கியோவில் முஷானோகோஜி சனெயாட்சு, ஷிகா நவோயா, யனகி முனெயோஷி முதலிய இளைஞர்கள் 'ஷிராகபா' என்ற இலக்கிய இதழைத் தொடங்கினர். வெண்பட்டை கொண்ட ஒரு மரத்தின் பெயர் அது. அதே ஆண்டு நவம்பரில்தான் இலண்டனில் ராஜர் ஃப்ரை, செசான், கோகன், வான் கோ ஆகியோரின் படைப்புகளைத் திரட்டி, 'இம்ப்ரெஷனிசத்துக்குப் பிந்தையோர்' என்று அவர்களுக்குப் பெயரிட்டுக் கண்காட்சி நடத்தினார். இலண்டன் மக்களுக்கு அசல் ஓவியங்களையே காண வாய்த்தது. ஜப்பானிய வாசகர்களுக்கோ ஷிராகபா அச்சிட்ட நகல்கள்தாம் கிட்டின. அவற்றிலும் பெரும்பாலானவை கறுப்புவெள்ளை. மஞ்சளைப் பார்க்காமலேயே மஞ்சளின் ஓவியரை ஒரு தலைமுறை நேசித்தது! அக்குழுவினர் சிற்பி ரோடினுக்கு ஜப்பானிய அச்சுப்படங்களை அனுப்பிவைக்க, அவர் மகிழ்ந்து மூன்று சிறு வெண்கலச் சிற்பங்களைத் திருப்பி அனுப்பினார் என்பது அக்காலத்து இனிய செய்தி.

வடக்கே அவோமோரியில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த முனகாதா ஷிகோ என்னும் இளைஞனுக்கு அவ்விதழில் வந்த சூரியகாந்தி நகலை ஓவியர் ஒருவர் காட்டினார். அதைக் கண்ட முனகாதா, தானும் ஒரு வான் கோவாக ஆவதென்று உறுதிகொண்டான். பின்னாளில் மரக்கட்டை அச்சுக்கலைக்குத் திரும்பி, 1956-ஆம் ஆண்டு வெனிஸ் பன்னாட்டுக் கண்காட்சியில் அச்சுக்கலைக்கான பெரும்பரிசை வென்றவர் அவர்தான். அந்த ஒரு தாளுக்கு அன்றைய சந்தையில் என்ன விலை கிடைத்திருக்கும்?

ஆஷியாவின் சூரியகாந்தி

நகல்களால் நிறைவுறாத ஷிராகபா நண்பர்கள், தங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் அமைத்து அசல்களையே வரவழைக்க விரும்பினர். முஷானோகோஜியின் வேண்டுகோளை ஏற்று, யமமோட்டோ கொயாட்டா என்ற ஒசாகா வணிகர் 1920-இல் வான் கோவின் சூரியகாந்தி ஒன்றை வாங்கினார். 1921-ஆம் ஆண்டு டோக்கியோவில் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

முன்னர் நாம் சொல்லாமல் நிறுத்திய ஏழாவது ஓவியம் இதுவே. 1888 ஆகஸ்டில் வரைந்த நான்கில் இது ஒன்று. மற்றவற்றைப்போல் மஞ்சளோ வெளிர்பச்சையோ இல்லாமல், ஆழ்ந்த அரசநீலப் பின்புலம். சில மலர்கள் சாடியில்; சில சாடிக்கு அருகே மேசைமேல் கிடக்கின்றன. மலர்கள் ஐந்து என்று சில நூல்களும் ஆறு என்று சில நூல்களும் எண்ணுகின்றன. இனி ஓவியத்தின்முன் நின்று எண்ணிப் பார்த்து அவ்வழக்கைத் தீர்க்க எவராலும் இயலாது.

அருங்காட்சியகம் எழும்பவில்லை. ஷிராகபா இதழும் 1923-இல் நின்றுபோயிற்று. ஓவியம் ஒசாகாவுக்கும் கோபேக்கும் இடையே உள்ள ஆஷியா என்னும் ஊரில் யமமோட்டோவின் இல்லத்திலேயே தங்கியது. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் நள்ளிரவைக் கடந்து, 6-ஆம் நாள் விடியுமுன் அமெரிக்க விமானங்கள் ஆஷியாவின்மேல் தீக்குண்டுகளைப் பொழிந்தன. வீடு எரிந்தது, மலர்களும் எரிந்தன. சில மணிநேரம் கழித்து ஹிரோஷிமாவில் நிகழ்ந்ததை உலகம் அறியும். மனித உயிர்கள் இலட்சக்கணக்கில் கருகிய அந்நாள்களில் ஓர் ஓவியத்துக்காக அழுதவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்?

அம்மலர்கள் வரையப்பட்ட ஆர்ல் நகரத்து மஞ்சள் வீடும் தப்பவில்லை. அதற்கு ஓராண்டு முன்னர், 1944 ஜூன் 25 அன்று நேசநாட்டு விமானக் குண்டுவீச்சில் சிதைந்து, பின் இடிக்கப்பட்டது.

தாள் சொன்ன சாட்சியம்

ஓவியம் போயிற்று. எஞ்சியது என்ன?

1921-இல் ஜப்பானில் செசான், வான் கோ ஓவியங்களின் நகல்களைக் கொண்ட தொகுப்பு ஒன்று அச்சிடப்பட்டது. அதில் ஆஷியா சூரியகாந்தியின் வண்ண நகலும் இடம்பெற்றது. டோக்கியோவை அடுத்த சோஃபு நகரில் உள்ள முஷானோகோஜி நினைவு அருங்காட்சியகத்தில் அதன் படி ஒன்று இருந்துவந்தது. வான் கோ ஆய்வாளரான மார்ட்டின் பெய்லி, சூரியகாந்தி ஓவியங்களைப் பற்றி 2013-இல் வெளியிட்ட தம் நூலின் வழி அதனை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

அந்நகலில் நீலப் பின்புலத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டம் தெரிகிறது. இதில் என்ன வியப்பு என்கிறீர்களா? 1888 ஆகஸ்டில் நண்பர் எமில் பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில், சூரியகாந்திகளை ஆரஞ்சு வண்ணம் பூசிய மெல்லிய மரப்பட்டிகளால் சட்டமிடுவதைப் பற்றியும், பழைய தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் போன்ற விளைவைப் பற்றியும் வான் கோ எழுதியிருந்தார். கடிதம் இருந்தது, அது சொன்ன சட்டம் கண்ணுக்குக் கிட்டவில்லை. இன்று பிற சூரியகாந்திகள் அருங்காட்சியகங்களின் பொன்முலாம் பூசிய சட்டங்களுக்குள் இருக்கின்றன. நீலத்துக்கு எதிரே ஆரஞ்சை நிறுத்தவேண்டும் என்று ஓவியர் நினைத்த நினைப்பு எப்படித் தோன்றியது என்பதற்குச் சாட்சி சொல்ல ஓர் அச்சுத்தாளே மிஞ்சியது. ஓரத்தைக் கத்தரித்திருந்தால் அதுவும் போயிருக்கும்!

இந்நகலை அடிப்படையாகக் கொண்டே, தோக்குஷிமா மாவட்டத்தின் நருதோவில் உள்ள ஓட்சுகா அருங்காட்சியகம் 2014-இல் ஆஷியா சூரியகாந்தியைப் பீங்கான் பலகையில் மறுஆக்கம் செய்தது. நகலின் நகலுக்கு முன் நின்று இன்று மக்கள் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

இது தனித்த நிகழ்ச்சி என்று எண்ணவேண்டாம். தாராஸ்கோன் சாலையில் ஓவியப் பொருள்களைச் சுமந்து நடக்கும் தம் உருவத்தை வான் கோ 1888-இல் வரைந்தார். ஜெர்மனியின் மாக்டபர்க் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான அவ்வோவியம் இரண்டாம் உலகப்போரின் முடிவில் எரிந்துபோனதாகக் கருதப்படுகிறது. ஆங்கில ஓவியர் ஃபிரான்சிஸ் பேகன் 1956, 1957 ஆண்டுகளில் அதை ஆதாரமாகக் கொண்டு ஓர் ஓவிய வரிசையையே படைத்தார். அவர் பார்த்து வரைந்தது அச்சு நகலைத்தான். பார்ப்பதற்கு வேறெதுவும் அப்போது இல்லை.

மூலமும் மங்கும்

"அழிந்தவற்றுக்குச் சரி, பத்திரமாக இருக்கும் மூலங்களுக்கு நகல் எதற்கு?" என்று கேட்கத் தோன்றும். மூலமும் நேற்றிருந்ததுபோல் இன்றில்லை என்பதே விடை.

வான் கோ தம் படுக்கையறை ஓவியத்தின் சுவர்களை வெளிர் ஊதா என்று எழுதினார். சிவப்புச் சாயம் ஒளியில் மங்கிவிட்டதால் இன்று அவை நீலமாகத் தெரிகின்றன. 1890-இல் இளஞ்சிவப்பாய் வரைந்த ரோஜாக்கள் வெண்ணிற ரோஜாக்களாகிவிட்டன. சூரியகாந்தியின் உயிரான குரோம் மஞ்சளும் ஒளி பட்டுப் பழுப்பேறக்கூடியது. அம்மஞ்சளில் உள்ள குரோமியம் வேதிமாற்றம் அடைவதே காரணம் என்று 2011-இல் அறிவியலாளர்கள் எக்ஸ்-கதிர் ஆய்வால் விளக்கினர். ஆம்ஸ்டர்டாம் சூரியகாந்தியை இனி எந்த நாட்டுக்கும் அனுப்புவதில்லை என 2019-இல் அருங்காட்சியகம் முடிவெடுத்தது. இவ்வண்ணங்களின் நிலையாமையை வான் கோ அறிந்தே இருந்தார். காலம் அவற்றைத் தணிக்கும் என்று எண்ணித்தான் அத்தனை அழுத்தமாகப் பூசினார்.

நகல்களும் சாகாவரம் பெற்றவை அல்ல. வெயில் படும் சுவரில் பல ஆண்டுகள் தொங்கிய அச்சுப்படம் எவ்வாறு நீலம்பாரித்துப் போகிறது என்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளிற, நீலமும் கறுப்பும் பின்தங்கி நிற்கின்றன. அச்சகத்தார் மையைக் கூட்டியும் குறைத்தும் இருப்பர். வண்ணப்பூச்சின் திண்மை, தூரிகை உழுத வரப்பு, ஓவியத்தின் முழு அளவு ஆகிய எதையும் தாள் தராது. 1930-களில் வால்டர் பெஞ்சமின், இயந்திர நகலில் மூலத்தின் 'இங்கே, இப்போது' என்னும் இருப்பு விடுபட்டுப்போகிறது என்று எழுதினார். அது மறுக்கமுடியாத வாதம். ஆனால் ஆஷியாவில் அந்த 'இங்கே' சாம்பலாகிவிட்டது, 'இப்போது' முடிந்துவிட்டது. எஞ்சிய சாட்சி அரைப்பார்வை உடையதே ஆனாலும், வேறு சாட்சி இல்லாத வழக்கில் அதன் சொல்லைக் கேட்கத்தானே வேண்டும்?

ஆக, விலை என்ன?

நகலுக்கும் முறையான மதிப்பீடு வேண்டும் என்பதை உலகம் உணர்ந்த காலமும் உண்டு. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் யுனெஸ்கோ நிறுவனம், தரமான வண்ண நகல்களின் அட்டவணைகளைத் தொகுத்து வெளியிட்டது. நகலின் நிறம் மூலத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது, ஓவியரின் இடம் என்ன, மூலத்தின் சிறப்பு என்ன என்பவையே தேர்வுக்கான அளவுகோல்கள். அருங்காட்சியகங்கள் எரிந்தும் சிதறியும் கிடந்த காலத்தில், அசலைக் காண வாய்ப்பில்லாத பள்ளிகளும் சிற்றூர்களும் நல்ல நகலையேனும் காணட்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது.

அவ்வளவுகோல்களோடு நாமும் ஒன்றைச் சேர்ப்போம்: இத்தாள் வேறெங்கும் இல்லாத எதையேனும் காத்துவைத்திருக்கிறதா? ஓவியம் சேதமடையுமுன் எடுத்த நிலையா? பழைய சட்டமா? பின்னர்த் துடைத்து நீக்கிய மெருகா? ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது நகல்களுக்கு இக்கேள்வியின் விடை 'இல்லை' என்றே இருக்கும். அவை சுவருக்கு அழகு. அதற்குமேல் அவற்றிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. முனகாதாவைப்போல் எவனேனும் ஒரு சிறுவன் அதன்முன் நின்றுவிட்டால் அது வேறு கதை! எஞ்சிய அந்த ஒன்றை அறிந்துகொள்ள வேண்டுமானால், எதையும் எறிவதற்கு முன் ஒருமுறை பார்க்கவேண்டும்.

ஆகவே வாசக நண்பர்களே, பழைய நகல் ஒன்று கைக்கு வந்தால் சட்டத்திலிருந்து மெல்ல எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது, முதுகில் என்ன ஒட்டியிருக்கிறது என்று குறித்துவையுங்கள். வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள். எக்காரணம் கொண்டும் ஓரத்தைக் கத்தரிக்காதீர்கள். விற்றால் கிடைப்பது பெரும்பாலும் சட்டத்தின் விலையே. 1921-இல் அந்தத் தொகுப்பை அச்சிட்டவர்களும், மூலத்தைக் காணமுடியாதவர்களுக்கு ஒரு நல்ல நகல் தருகிறோம் என்று மட்டுமே நினைத்திருப்பார்கள். இருபத்து நான்கு ஆண்டுகளில் மூலமே இராது என்பதை அவர்கள் எவ்வாறு அறிவர்?